சூடு பார்க்கும் துவக்கு: தாச்சியில் ஏமாறாமல் பிடிப்பது எப்படி?

தட்டை வடை சுட அம்மாவுக்கு வெப்பமானி தேவையில்லை. மாவில் ஒரு கிள்ளு எண்ணெய்க்குள் போடுவா, பொங்கிக்கொண்டு மேலே வந்தால் சரி. எண் தேவைப்பட்டது எனக்குத்தான். ரவுணில் ஒரு செங்கீழ்க் கதிர் (இன்ஃப்ராரெட்) வெப்பமானி, துவக்குப்போல நீட்டித் தொடாமலே சூடு பார்ப்பது, வாங்கி வந்து, அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த வெறும் அலுமினியத் தாச்சிக்கு நேரே பிடித்தேன். 52 பாகை.

"அப்ப தொட்டுப் பாரன்" எண்டா அம்மா.

தொடவில்லை. தண்ணி தெளித்தேன், சீறிக்கொண்டு ஓடியது. திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரர், "தம்பி, சுவரில பிடிச்சுப் பாருங்கோ, சாமான் நல்லாத்தான் கிடக்கு" என்றார். அவர் சொன்னது சரி. பிடித்தவன்தான் பிழை. இனி வாங்குபவர்களுக்காக இது.

1. வாங்கும்போது

கொரோனாக் காலத்தில் நெற்றிக்குப் பிடித்தார்களே, அது வேறு சாதி. உடம்புச் சூட்டுக்கு மேலே ஏறாது. எண்ணெய்க்கு 300 பாகையாவது காட்டுவது வேண்டும். பக்கத்தில் 12:1 என்று எழுதியிருக்கிறதா (தூரத்துக்கும் அது பார்க்கும் வட்டத்துக்கும் உள்ள விகிதம்), எமிசிவிற்றியை (ஒரு பொருள் சூட்டுக் கதிரை எவ்வளவு விடும் என்ற எண்) மாற்ற முடியுமா என்று பாருங்கள். மாற்ற முடியாததை நான் சும்மா தந்தாலும் வாங்கமாட்டேன். பற்றரி விசயத்தில், சதுர 9 வோல்ற்றை விட ட்ரிபிள் ஏ மேல். ஒழுங்கைக் கடையிலும் கிடைக்கும்.

2. தூரம்

12:1 என்றால் 30 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடிக்கும்போது 2.5 சென்ரிமீற்றர் வட்டத்தின் சராசரிச் சூட்டைப் பார்க்கிறது. 120-க்குப் போனால் வட்டம் 10 ஆகிவிடும். அடுப்பு விளிம்பும் நெருப்பும் அதற்குள் வந்துவிடும். சிவப்புப் புள்ளி சூட்டை அளப்பதில்லை, எங்கே பிடிக்கிறோம் என்று காட்ட மட்டும்தான். லேசர் வில்லைக்குச் சற்று மேலே இருப்பதால், கிட்டப் போனால் புள்ளி ஓரிடம், அளவு ஓரிடம்.

3. எமிசிவிற்றி: நான் விழுந்த கிடங்கு

சூடான எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத கதிரை விடும். துவக்கு அதை வாங்கித்தான் கணக்குப் போடுகிறது. ஆனால் எல்லாப் பொருளும் ஒரேயளவு விடாது. எண்ணெய், தண்ணி, சுவர், மரம், தோல் எல்லாம் 0.95-க்குக் கிட்ட. மினுக்கிய அலுமினியம் 0.1-ஐயும் தொடாது. துவக்கு கடையிலிருந்து வரும்போது 0.95-இல் நிற்கும். அதனால் பளபளத்த தாச்சியில் அது பார்ப்பது பெரும்பாலும் குசினிச் சுவரின் பிரதிபலிப்பை.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு சில்வர் பேணியில் சுடுதண்ணி ஊற்றி, வெளிப்பக்கம் கறுப்பு இன்சுலேசன் ரேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். ஒரு நிமிசம் விட்டு ரேப்பிலும் பக்கத்து வெறும் உலோகத்திலும் மாறி மாறிப் பிடியுங்கள். ஒரே பேணி, இரண்டு எண். ரேப் சொல்வதுதான் உண்மை.

இது விளங்கிய உற்சாகத்தில் நான் ரேப்பைத் தாச்சியில் ஒட்டி அடுப்பில் ஏற்றினேன். அந்த ரேப் 80 பாகை மட்டில்தான் தாங்கும். வீடெல்லாம் பிளாஸ்ரிக் மணம், தாச்சி இரண்டு நாள் கிணற்றடியில். நீங்கள் செய்யாதீர்கள். தாச்சியை விடுங்கள், எண்ணெயைப் பாருங்கள்: எண்ணெய் ஊற்றி, அகப்பையால் ஒருதரம் கலக்கி, உடனே மேற்பரப்பில் பிடியுங்கள். கலக்காவிட்டால் மேல்தோலின் சூடு மட்டும்தான் வரும். நேர் மேலே பிடித்தால் ஆவியும் எண்ணெய்த் துமியும் வில்லையில் படியும், கொஞ்சம் சரித்துப் பிடியுங்கள்.

அம்மாவின் கிள்ளு மேலே வந்த நேரம் நான் பார்த்த எண் 174. அவ சிரிக்கக்கூட இல்லை.

4. சரிபார்த்தல்

நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணி விட்டுக் கலக்கிப் பிடியுங்கள். 0-வுக்கு ஒன்றிரண்டு பாகை முன்பின் வந்தால் போதும். கொதிதண்ணியில் சோதிக்காதீர்கள், ஆவி குழப்பும். ஏசி வாகனத்துக்குள் கிடந்த துவக்கென்றால் முதலில் இருபது நிமிசம் வெளியே வையுங்கள்.

பிற்சேர்க்கை

ஒருவர் கேட்டிருந்தார்: ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நிற்கும் மோட்டரில் பிடித்தால் சூடே காட்டவில்லையாம். இந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது, உங்களுக்கு வந்தது கண்ணாடியின் சூடு.

இன்னொருவர் சித்திரை வெயிலில் கோழிக்கூட்டுப் புதுத் தகரத்தில் ஏணி வைத்துப் பிடித்திருக்கிறார். கை வைக்க முடியாத தகரம், நிழலை விடக் குளிராம்! தாச்சிக் கதைதான். புதுத் தகரம் வானத்தைப் பிரதிபலிக்கிறது, தெளிந்த வானம் இந்தத் துவக்குக்கு நல்ல குளிர். உள்ளங்கை அகலத்துக்கு மினுங்காத பெயின்ற் பூசி, காய்ந்தபின் அதில் பிடியுங்கள். ஆனால் கறுப்புப் பெயின்ற் வெயிலைக் குடித்து அந்த இடத்தையே கூடச் சூடாக்கிவிடும், வெள்ளை நல்லது. கண்ணுக்கு வெள்ளையாய் இருந்தாலும் இந்தக் கதிருக்கு அது கறுப்புப்போலத்தான். வெள்ளிப் பெயின்ற் மட்டும் வேண்டாம், அதற்குள் இருப்பதும் அலுமினியம்தான்.