கிறிஸ்தவ விசுவாசத்தில் நின்றபடியே உளவியலின் உதவியைப் பெறுவது எப்படி?

மனச்சோர்வோ தீராத பதற்றமோ வாட்டும்போது மருத்துவ உதவியை நாடினால் அது விசுவாசக் குறைவாகிவிடுமோ என்ற தயக்கம் கிறிஸ்தவர்கள் பலருக்கு உண்டு. அந்தத் தயக்கத்தால் மாதக்கணக்கில் சிகிச்சையின்றித் துன்புறுகிறவர்களுக்காகவும், அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் இடத்தில் இருக்கும் போதகர்கள், அருட்தந்தையர், ஜெபக் குழுவினருக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. துன்பத்தின் எந்தப் பகுதி நோயால் வருவது, எந்தப் பகுதி மனசாட்சி உண்மையாகவே எழுப்புவது என்று நிதானமாகப் பிரித்தறியக் கற்றுக்கொண்டால், மருத்துவரிடமும் ஆலயத்திலும் பெற வேண்டியதை அந்தந்த இடத்தில் மன உறுத்தலின்றிப் பெறலாம் என்பதே இதில் நான் சொல்ல விரும்புவது.

தயக்கம் காரணமின்றி வந்ததும் அல்ல. மனதின் ஆழத்து எண்ணங்களைப் பேச்சு வழியாக ஆராயும் உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய மருத்துவர் சிக்மண்ட் பிராய்ட், 1907-ஆம் ஆண்டிலேயே சமயச் சடங்குகளை எண்ணச் சுழற்சி நோயாளிகளின் (வேண்டாத எண்ணம் ஓயாமல் வர, அதைப் போக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் OCD நோயாளிகளின்) செயல்களோடு ஒப்பிட்டு எழுதினார். 1927-இல் சமயத்தையே ஒரு மாயை என்று வாதிட்டார். அதற்கு மறுப்பு எழுதியவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த போதகர் ஆஸ்கர் பிஃபிஸ்டர். அவர் பிராய்டின் உளப்பகுப்பாய்வு முறையைத் தம்முடைய ஊழியத்தில் பயன்படுத்தி வந்தவர். 1909-இல் தொடங்கிய அவர்களுடைய நட்பு, 1928-இல் வெளிவந்த அந்த மறுப்புக்குப் பிறகும் பிராய்ட் இறக்கும்வரை முறியவில்லை. எதிர்த்திசையில், அமெரிக்கப் போதகர் ஜே ஆடம்ஸ் 1970-இல், வாழ்க்கைச் சிக்கல்களுக்கு ஆலோசனை சொல்ல வேதாகமமே போதும் என்று வாதிட்டு, இன்றும் செல்வாக்குள்ள ஓர் இயக்கத்துக்கு வித்திட்டார். இவர்களில் பிஃபிஸ்டரின் வழியே விசுவாசிக்குப் பயன்படும் வழி என்று கருதுகிறேன். சிகிச்சை முறை ஒன்று, அதை உருவாக்கியவரின் உலகப் பார்வை மற்றொன்று. முறையைப் பெற்றுக்கொள்பவர் பார்வையையும் சேர்த்து ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

முதலில் உடலையும் நாட்களையும் கவனியுங்கள். நாளின் பெரும்பகுதி நீடிக்கும் சோர்வோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரங்களாகத் தொடர்ந்து, அதோடு தூக்கக் கேடு, பசி மாற்றம், தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைவு போன்றவையும் சேர்ந்திருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. தைராய்டு சுரப்புக் குறைவும் இரத்தச்சோகையும் இதே போன்ற அறிகுறிகளைக் காட்டக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். ஜெபத்தில் மனம் ஒட்டவில்லை, வேதத்தை வாசித்தால் எதுவும் உள்ளே இறங்கவில்லை என்பதைப் பலர் ஆவிக்குரிய வீழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டு தங்களைத் தாங்களே வருத்திக்கொள்கிறார்கள். அவர்கள் தங்களிடம் இன்னும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்: செய்தித்தாளாவது மனதில் பதிகிறதா, எதிரில் இருப்பவர் பேசுவதாவது நிற்கிறதா? அவையும் நிற்கவில்லை என்றால், ஜெபம் மட்டும் வறண்டுபோகவில்லை, கவனிக்கும் திறனே நோயால் குன்றியிருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

வேதாகமமே இந்த வரிசையைக் காட்டுகிறது. 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில், சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட எலியாவைத் தேவதூதன் தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். அங்கே அடையும் தண்ணீரும் இருக்கின்றன. அவர் உண்டு, மறுபடியும் தூங்கி, மறுபடியும் உண்ட பிறகே, நெடும்பயணத்தின் முடிவில் ஓரேப் மலையில் ஆண்டவருடைய கேள்வி அவருக்கு வருகிறது. 88-ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது. ஆறுதலான கடைசி வரி அதற்கு இல்லை. ஆகவே சோர்ந்துபோனவர் இல்லாத உற்சாகத்தை வரவழைத்துக்கொண்டு துதிக்க வேண்டும் என்று யாரும் அவரை நெருக்கக் கூடாது. சுருக்கமான ஒரு ஜெபமும் மௌனமாக உட்கார்ந்திருப்பதும் அந்தக் காலத்துக்குப் போதும்.

அடுத்தது குற்றவுணர்வு. விசுவாசமும் உளவியலும் ஒன்றையொன்று மிக எளிதாகத் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுவே என்பதால் இதில் சற்று நின்று பார்க்க வேண்டும். உண்மையான குற்றவுணர்வுக்கு ஒரு பொருள் உண்டு: இன்னாருக்கு இன்ன தீங்கு செய்தேன் என்று அதைச் சொல்ல முடியும், திருத்தச் செய்ய வேண்டியதும் தெளிவாக இருக்கும், அறிக்கையிட்டு ஈடு செய்தபின் அது மெல்ல அடங்கும். அப்படிப்பட்ட குற்றவுணர்வை வெறும் மனப்பழக்கம் என்று ஆலோசகர் தள்ளிவிட்டால், அவர் அந்த மனிதருக்கு உதவவில்லை. நோயின் குற்றவுணர்வோ மன்னிப்பைக் கேட்டுப் பெற்ற பிறகும் அடங்காது. நூற்றுக்கு நூறு நிச்சயம் வேண்டும் என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அதன் முகம் எப்படியிருக்கும் என்று பாருங்கள். ஒருவர் இரவில் பரமண்டல ஜெபத்தைச் சொல்லத் தொடங்குகிறார். நடுவில் மனம் சிதறியதாகத் தோன்றவே முதலிலிருந்து தொடங்குகிறார். ‘எங்கள் கடன்களை’ என்ற இடத்தில் ஓர் இழிந்த சொல் மனதில் தோன்றி மறைகிறது. அந்தச் சொல்லோடு ஜெபித்தால் அது தெய்வ நிந்தனையாகிவிடுமே என்று மறுபடியும் முதலிலிருந்து. ஒரு மணி நேரம் கழிந்தும் ‘ஆமென்’ வரை வந்து சேரவில்லை. மறுநாள் போதகரிடம் போய், மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று கேட்கிறார். இல்லை என்று போதகர் அன்போடு விளக்கியதும் நிம்மதி வருகிறது. மாலையில் அதே கேள்வி, இந்த முறை தொலைபேசியில்.

இது எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வடிவம். திருச்சபைக்கு இது புதிதும் அல்ல. பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் தங்கியிருந்தபோது, அறிக்கையிட்டு முடித்த பழைய பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டும் அமைதி பெறாமல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரும் அளவுக்குத் தவித்தார். பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று அவர் முடிவெடுத்த பிறகே அந்தத் தவிப்பு நீங்கியது. இந்த நோய்க்கு இன்று முதன்மையாகப் பரிந்துரைக்கப்படும் உளவியல் சிகிச்சை, உளவியலாளர் விக்டர் மேயர் 1966-இல் வெளியிட்ட பணியிலிருந்து வளர்ந்தது. அச்சமூட்டும் எண்ணத்தை வரவிட்டு, அதைப் போக்கச் செய்யும் சடங்கைச் செய்யாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்குவதே அதன் வழி. ஏறத்தாழ நான்கரை நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு பேர் ஒரே கதவைத் திறந்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் ஆறுதல் தரும் செய்தி.

இதிலிருந்து போதகர் கற்றுக்கொள்ள வேண்டியது கடினமான ஒன்று. திரும்பத் திரும்பச் சொல்லும் ஆறுதலே இங்கே நோய்க்குத் தீனியாகிவிடுகிறது. கேள்விக்கு ஒருமுறை தெளிவாகவும் முழுமையாகவும் பதில் சொல்லுங்கள்; பிறகு, “இதற்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டேன், உங்கள் நலனுக்காகவே மறுபடியும் சொல்லப் போவதில்லை” என்று கனிவோடு மறுத்துவிடுங்கள். பாவசங்கீர்த்தனம் செய்யும் கத்தோலிக்கராக இருந்தால், ஒரே குருவானவரிடம், குறித்த நாளில், குறித்த நேர அளவுக்குள் செய்வது என்று ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. சிகிச்சை அளிப்பவரும், தம் பங்குக்கு, நோயாளி பாவம் என்று நம்பும் எதையும் செய்யச் சொல்லத் தேவையில்லை. மனம் சிதறிய ஜெபத்தைச் சிதறியபடியே முடித்துவிட்டு எழுந்து போவது போதுமான பயிற்சி. சாதாரண விசுவாசிகள் எல்லோரும் அன்றாடம் அப்படித்தான் ஜெபிக்கிறார்கள்.

யாரிடம் போவது என்ற கேள்விக்கு: மருந்து எழுதித் தருபவர் மனநல மருத்துவர், பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர் பெரும்பாலும் மருத்துவ உளவியலாளர். அவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதைவிட, உங்கள் நோய்க்கான சிகிச்சையில் முறையான பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்பது முக்கியம். பயிற்சி இல்லாதவர் எத்தனை பக்தியுள்ளவராக இருந்தாலும் அவரால் தர முடிவது ஆறுதல் மட்டுமே. முதல் சந்திப்பிலேயே, “நான் கிறிஸ்தவ நம்பிக்கை உடையவன். அதை மாற்றிக்கொள்ள நான் வரவில்லை. என் ஜெப வாழ்க்கையில் எது நோயின் விளைவு என்று கண்டுபிடிக்க உதவுவீர்களா?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள். நல்ல மருத்துவர் இதை வரவேற்பார். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1994-இல் வெளியிட்ட வகைப்பாட்டிலேயே, சமய அல்லது ஆன்மிகச் சிக்கல் என்பது நோய் என்று முத்திரை குத்தப்படாமல், தனிக் கவனத்துக்குரிய ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. உங்கள் நம்பிக்கையை ஒருவர் இகழ்ந்தால் வேறொருவரிடம் மாறுங்கள், சிகிச்சையையே கைவிட்டுவிடாதீர்கள்.

வன்முறைக்கோ பாலியல் கொடுமைக்கோ ஆளானவரிடம் உடனே மன்னிப்பைப் பற்றிப் பேசாதீர்கள். முதல் தேவை பாதுகாப்பு. மன்னிப்பது என்பது கொடுமை செய்தவரோடு மறுபடியும் வாழப் போவதும் அல்ல, சட்ட நடவடிக்கையைக் கைவிடுவதும் அல்ல. இதைச் சபையே அவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

பிறருக்குக் கேளாத குரல்கள் ஒருவருக்குக் கட்டளையிடுகின்றன, பல இரவுகள் தூங்காமலே அவர் பெரும் ஊக்கத்தோடு திரிகிறார் என்றால், அதை வெளிப்பாடு என்றோ பிசாசின் வேலை என்றோ முடிவுகட்டும் முன் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தற்கொலை எண்ணம் இருப்பதாக ஒருவர் சொன்னால், அவரைத் தனியே விடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். அந்த நேரத்தில் நரகத்தைப் பற்றிய எச்சரிக்கை அவருடைய சுமையைக் கூட்டவே செய்யும். கடுமையான உளக் கோளாறு இத்தகைய செயலில் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே 2282-ஆம் பத்தியில் கூறுகிறது.

மருந்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்கான மருந்துகள் பலன் காட்டப் பொதுவாகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பலனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். நலமானதும் சாட்சி சொல்ல விரும்பினால் தாராளமாகச் சொல்லுங்கள், சிகிச்சை பெற்றதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஆனால் ஜெபக் கூட்டத்தில் குணமடைந்ததாக உணர்ந்த அன்றிரவே மாத்திரையை நிறுத்துவது ஆபத்து: சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் தூக்கமின்மையும் வரும், நோயும் திரும்பக்கூடும். குணமானதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் பரிசோதித்து, அளவை எப்போது, எவ்வளவு குறைக்கலாம் என்று முடிவு செய்யட்டும்.