கல்லுக் கடைக்குப் போகும்போது ஒரு தேசிக்காய்

குசினி மேடைக்குக் கல் வாங்கப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: கைப்பையில் ஒரு தேசிக்காய் போட்டுக்கொள்ளுங்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் இது.

களுவாஞ்சிகுடியில் வீடு கட்டியபோது ஆசைப்பட்டு வெள்ளை மாபிள் போட்டோம். குடிபுகுந்த முதல் கிழமையே, தேசிக்காய் விட்டு மீன் கழுவிய சட்டியை அதில் வைத்து எடுத்தேன். சட்டியின் அடிவட்டம் மங்கலாக விழுந்துவிட்டது. கறை என்று நினைத்துத் தேய்தேய் என்று தேய்த்தேன், போகவில்லை. போகாது. அது கல்லே அரிபட்ட இடம். மாபிள் சுண்ணாம்புச் சத்துள்ள கல். தேசிக்காய், பழப்புளி, வினாகிரி எது பட்டாலும் மினுக்கம் கரைந்துவிடும். விற்றவரோ "ஒன்றும் செய்யாது" என்றுதான் சொல்லியிருந்தார். புளியும் மஞ்சளும் இல்லாமல் ஒரு நாளும் சமைக்காத எங்கள் வீடுகளுக்கு அது சரிவராது.

இரண்டாவது முறை தேசிக்காயோடு போனேன். வெட்டுத் துண்டுகள் ஐந்தாறைக் கேட்டு வாங்கி, வாசலில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டுப் புளியும் பக்கத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீரும் விட்டேன். "என்னக்கா, கல்லுக்குச் சம்பல் போடுறீங்களா?" என்று கடைப் பொடியன் கேட்டான். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் துடைத்து, துண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கிரனைட் என்று சொன்ன ஒரு கறுப்புக் கல்லில் புளி பட்ட இடம் மங்கியிருந்தது. சாம்பல் நிறக் கல்லொன்று தண்ணீரைக் குடித்துக் கருமையாகியிருந்தது. தண்ணீரைக் குடிக்கிற கல் எண்ணெயையும் குடிக்கும், மஞ்சளையும் குடிக்கும். மற்றவற்றில் ஒன்றும் இல்லை. அப்புறம் கறுப்புத் துண்டுகளைக் கியூடெக்ஸ் ரிமூவர் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் கறுப்பு ஒட்டினால் அந்தக் கல்லுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம், வாங்காதீர்கள்.

குவாட்ஸ் என்று விற்பது தொழிற்சாலையில் செய்த கல். படிகக்கல் தூளைப் பிசினோடு சேர்த்து இறுக்கியது. கறை பிடிப்பது குறைவு, ஆனால் பிசின் சூடு தாங்காது. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை நேரே வைக்கிற கை பழக்கம் உள்ளவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். வெட்டும்போது பறக்கும் தூசு நுரையீரலைக் கெடுப்பதால் அவுஸ்திரேலியா 2024 யூலை 1 முதல் அதைத் தடை செய்துவிட்டது. கிரனைட் தூசும் நல்லதில்லை. எந்தக் கல்லானாலும் தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள், வீட்டுக்குள் உலர்வாக வெட்ட விடாதீர்கள்.

நிறம் அவரவர் விருப்பம். ஆனால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை படியும். தனிக் கறுப்பில் அது பளிச்சென்று தெரியும். அதனால் நான் புள்ளி விழுந்த 'டான் பிரவுண்' எடுத்தேன். அது தெலுங்கானாவின் கரீம்நகர்ப் பக்கத்துக் கல். பொன் பொட்டுகள் மின்னும் 'பிளக் கலக்ஸி' ஆந்திராவின் சீமகுர்த்தியில் தோண்டுவது.

இனி ஓரம். இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. மேடை ஓரத்தில் திருகிப் பூட்டுகிற தேங்காய் துருவி உங்களிடம் இருந்தால், அதையும் கடைக்குக் கொண்டு போங்கள். கனமாகத் தெரிவதற்காக ஓரத்தில் இரண்டு கல்லை ஒட்டினால் துருவியின் வாய் அதில் ஏறாது. உருட்டி வளைத்த ஓரத்தில் வழுக்கும். நான் துருவி பூட்டும் இடத்தில் மட்டும் கல்லை அலுமாரிக்கு வெளியே இரண்டு அங்குலம் நீட்டி, அடியைத் தட்டையாக விடச் சொன்னேன். கல் சிதறாமலிருக்கத் திருகுக்கு அடியில் ரப்பர் துண்டு வைக்கிறேன். மற்ற இடங்களில் நீட்டு ஒரு அங்குலம் போதும். அதன் அடியில் நெடுக ஒரு சின்னப் பள்ளக்கோடு வெட்டுவியுங்கள். வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டி விழும், அலுமாரிப் பலகை ஊறாது.

தடிப்பு 20 மில்லிமீற்றர் போதும். சதுர அடிக்கு ஐந்து கிலோ வரும், பத்தடி நீளம் இரண்டடி அகலம் என்றால் நூறு கிலோ. கீழே கட்டுச் சுவர் இருந்தால் கவலை இல்லை. பலகை அலுமாரிதான் என்றால் ஓடாவியிடம் நிறையை முன்கூட்டியே சொல்லுங்கள். பாத்திரம் கழுவும் சிங் வைக்க வெட்டும் இடத்துக்கு முன்னும் பின்னும் எஞ்சும் ஒடுக்கமான துண்டில்தான் கல் முறியும். அதன் அடியில் முட்டு இருக்கட்டும், பொருத்து அங்கே வரவே கூடாது.

காசு கொடுப்பதற்கு முன் கல் பலகையை நிமிர்த்தி வைக்கச் சொல்லி, ஈரத்துணியால் முழுவதும் துடைத்துப் பாருங்கள். கீறல் வெடிப்பு இருந்தால் ஈரம் காயும்போது கோடாகத் தெரியும். பிடித்த பலகையின் பின்புறம் உங்கள் பெயரை எழுதிப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பொருத்திய பிறகு சீலர் (கல் தண்ணீர் குடிக்காமல் தடுக்கும் பூச்சு) பூச வேண்டுமா என்பதைத் தண்ணீரே சொல்லும். கால் மணி நேரம் சொட்டு அப்படியே நின்றால் தேவையில்லை. கல் கருமையானால் பூசுங்கள், பூசி ஒரு நாள் அதில் தண்ணீர் படவிடாதீர்கள்.