சங்கத் தேர்தலை இணையத்தில் நடத்துவோர் வாக்குத் திரையை அமைக்கும் முறை

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்களும் வாக்களிக்க வேண்டும் என்பதற்காக, சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் சில தங்கள் நிர்வாகிகள் தேர்தலைக் கைப்பேசி வழியே நடத்துகின்றன. வாக்காளர் பட்டியலுக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட வாக்குத் திரைக்குக் காட்டுவதில்லை என்பது என் வருத்தம்.

முதலில் கடைசிப் பொத்தானைச் சரிசெய்யுங்கள். பின்லாந்தில் 2008 உள்ளாட்சித் தேர்தலின்போது மூன்று நகராட்சிகளின் வாக்குச்சாவடிகளில் மின்னணு வாக்குப்பதிவைச் சோதித்துப் பார்த்தார்கள். வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த பிறகு உறுதிப்படுத்தும் பொத்தானை இன்னொரு முறை அழுத்த வேண்டியிருந்தது. அதற்குள் வேலை முடிந்ததென்று எண்ணி, இயந்திரத்தில் செருகியிருந்த அட்டையை வாக்காளர்கள் உருவிக்கொண்டு போனதால் 232 வாக்குகள் பதிவாகாமல் போயின. வழக்கு உச்ச நிர்வாக நீதிமன்றம் வரை சென்று, 2009-இல் அந்த மூன்று ஊர்களிலும் மறுதேர்தல் நடந்தது.

இதையே வேளச்சேரியில் நான் உதவிய ஒரு குடியிருப்பின் ஒத்திகையில் நேரில் கண்டேன். எழுத்தைப் பெரிதாக வைத்துப் படிக்கும் ஒரு பாட்டி, பெயருக்கு எதிரே தொட்டதும் "போட்டாச்சு தம்பி" என்று கைப்பேசியை நீட்டினார். எழுத்து பெரிதானதால் பொத்தான் திரைக்குக் கீழே போய்விட்டிருந்தது. அது இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. ஆகவே பொத்தானைத் திரையின் அடியில் நகராமல் நிறுத்துங்கள். அதில் "சரி" என்று எழுதாமல் "என் வாக்கைப் பதிவு செய்" என்று எழுதுங்கள். அதை அழுத்தும்வரை "உங்கள் வாக்கு இன்னும் பதிவாகவில்லை" என்ற வரி மேலே தெரியட்டும். நம் வாக்குப்பதிவு இயந்திரம் நீண்ட ஒலி எழுப்புகிறது, ஒப்புகைச் சீட்டை ஏழு விநாடி காட்டுகிறது. சங்கத் தேர்தலின் நிறைவுத் திரையிலோ வாக்குப் பதிவான நேரம் மட்டும் இருந்தால் போதும்; யாருக்கு என்பதைக் காட்டினால், படம் பிடித்து அனுப்பச் சொல்லி வற்புறுத்த வழி பிறக்கும்.

தலைவர், செயலாளர், பொருளாளர் என ஒவ்வொரு பதவிக்கும் தனித் திரை கொடுங்கள். புளோரிடாவின் சரசோட்டா கவுன்ட்டியில் 2006-இல் இரண்டு போட்டிகளை ஒரே தொடுதிரையில் வைத்ததில், நாடாளுமன்றப் பதவிக்கான இடத்தை ஏறத்தாழ 18,000 பேர் நிரப்பாமல் விட்டார்கள். வெற்றி வித்தியாசமோ 369 வாக்குகள். மற்றப் போட்டியின் எடுப்பான தலைப்புக்கு மேலே அந்தப் போட்டி ஒதுங்கியிருந்ததால் பலர் கண்ணில் படவில்லை என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

பெயர்களின் வரிசையை வேட்பாளர்கள் முன்னிலையில் குலுக்கல் முறையில் முடிவு செய்யுங்கள். ஒரே பெயரில் இருவர் நிற்பது நம் ஊரில் புதிதல்ல. தலைப்பெழுத்தை மட்டும் நம்பாமல் புகைப்படத்தையும் வீட்டு எண்ணையும் சேருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு, உள்ளே நுழைவதற்கான ஓடிபி (ஒருமுறைக் கடவுச்சொல்) மின்னஞ்சலிலும் போகட்டும்.

வாக்குப்பதிவு முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது, உள்ளே நுழைந்தும் வாக்கைப் பதிவு செய்யாமல் வெளியேறியவர்களின் பட்டியலை எடுத்து, "உங்கள் வாக்கு பதிவாகவில்லை, மீண்டும் முயலுங்கள்" என்று அவர்களுக்கு மட்டும் குறுஞ்செய்தி அனுப்புங்கள்.