முந்நூற்று நாலு: கவிழ்த்து வைத்த சீட்டிலிருந்து தொடங்குதல்

யாழ்ப்பாணத்தில் கலியாண வீட்டின் முதல்நாள் இரவிலும், செத்த வீட்டில் விடியும் வரை விழித்திருக்க வேண்டிய நேரத்திலும், மின்சாரம் நின்றுபோன மாலையிலும் விறாந்தையில் பாய் விரிக்கப்பட்டால், அதில் நடக்கும் சீட்டாட்டம் பெரும்பாலும் முந்நூற்று நாலாகத்தான் இருக்கும். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மருமகளுக்கு இந்த ஆட்டத்தை வீட்டில் மூன்று பேர் மூன்று தரம் சொல்லிக்கொடுத்தும் விளங்கவில்லை. “எல்லாரும் விதியைச் சொல்லுறீங்கள், மாமா, ஏன் அப்பிடி எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை” என்றாள். அவள் சொன்னது சரிதான். இந்த ஆட்டத்தின் விதிகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத கட்டளைகள் போலத் தோன்றினாலும், அவை எல்லாம் இரண்டு இடங்களிலிருந்தே பிறக்கின்றன: ஒன்று சீட்டுக்கட்டிலுள்ள மொத்தப் புள்ளி, மற்றது நிலத்தில் கவிழ்த்து வைக்கப்படும் ஒரு சீட்டு.

முதலில் கட்டைப் பார்ப்போம். 52 சீட்டுள்ள கட்டிலிருந்து இரண்டு முதல் ஆறு வரையான எண்களை ஒவ்வோர் இனத்திலும் நீக்கிவிட்டால் 32 சீட்டு மிஞ்சும். நான்கு இனங்களையும் எங்கள் பெரியவர்கள் கலாவரை, ஆடுதன், உருவிதன், இஸ்கோப்பு என்றே சொல்வார்கள். கலாவரை கறுப்பு மூவிலை, ஆடுதன் சிவப்பு இதயம், உருவிதன் சிவப்புச் சாய்சதுரம், இஸ்கோப்பு கூர்நுனியுள்ள கறுப்பு இலை. 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1795 வரை ஆண்ட ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொற்கள் இவை. அவர்களின் கோட்டை சிதைந்த பிறகும் அவர்களின் கலாவரை நம் பாயில் விழுந்துகொண்டிருக்கிறது.

ஒவ்வோர் இனத்திலும் எட்டுச் சீட்டு உண்டு. ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. எந்தச் சீட்டு எதை வெல்லும் என்பதும் இதே வரிசைதான். ராசாவும் ராணியும் ஜாக்குக்குக் கீழே கிடப்பது வேறு ஆட்டம் பழகியவர்களுக்கு முதலில் இடறும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இருபத்தெட்டு ஆடியவர்களுக்கு இது புதிதாக இராது. அங்கும் ஜாக்கும் ஒன்பதும்தான் மேலே. ஓர் இனத்தின் புள்ளிகளைக் கூட்டினால் 76, நான்கு இனத்துக்கும் 304. ஆட்டத்தின் பெயர் அதன் மொத்தக் கணக்கே.

நான்கு பேர் ஆட வேண்டும். எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு சோடி. சீட்டுப் போடுவதும் ஆடுவதும் வலக்கைப் பக்கமாகச் சுற்றிவரும். கட்டைக் கலைத்து, பக்கத்திலிருப்பவர் வெட்டிய பின், போடுபவர் ஆளுக்கு நான்கு சீட்டு மட்டும் கொடுத்து நிறுத்துகிறார். இங்கேதான் கேள்வி தொடங்குகிறது. தம் சோடி எத்தனை புள்ளி எடுக்கும் என்று ஒவ்வொருவரும் சொல்லலாம், அல்லது விட்டுவிடலாம். குறைந்த கேள்வி 160. அதற்கு மேல் பத்துப் பத்தாக ஏறும். 160 ஏன் என்பதுதான் மருமகள் கேட்ட முதல் ‘ஏன்’. 304 இன் பாதி 152. பாதியைத் தாண்டும் முதல் பத்தாம் இலக்கம் 160. பாதிக்கும் குறைவாக எடுப்பேன் என்று ஒருவர் சவால் விடுவதில் பொருளில்லை. எதிர்ப்பக்கத்தின் கணக்கும் இதிலிருந்தே வருகிறது: 160 கேட்டவரைத் தோற்கடிக்க அவர்களுக்கு 145 வேண்டும், 200 கேட்டவரைத் தோற்கடிக்க 105 போதும், 250 என்றால் வெறும் 55. ஒரே இனத்தின் ஜாக்கும் ஒன்பதும் ஆசும் ஒரே பிடியில், அதாவது நால்வரும் ஆளுக்கொரு சீட்டுப் போடும் ஒரு சுற்றில், அவர்களிடம் போய்விட்டால் 61. 250 கேட்டவரின் கதை அதோடு முடிந்தது.

நான்கு சீட்டைப் பார்த்துக் கேட்பது எப்படி? மொத்தத்தை 32 ஆல் வகுத்தால் சீட்டுக்கு ஒன்பதரைப் புள்ளி, நான்கு சீட்டுக்கு 38. கையில் அதைவிட நிறைய இருந்தால் கேட்கலாம் என்றே புதியவர்கள் எண்ணுவார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். பன்னிரண்டு வயதில், முதன்முதலாகப் பெரியவர்களோடு இருக்கவிட்ட நாளில், ஆடுதன் ஜாக், இஸ்கோப்பு ஜாக், உருவிதன் எட்டு, கலாவரை ஏழு ஆகிய நான்கையும் கண்டதும் 60 புள்ளி இருக்கிறதே என்று ஒரேயடியாக 200 கேட்டேன். துரும்பாக, அதாவது மற்ற எல்லா இனத்தையும் வெல்லும் இனமாக, வைத்ததில் என்னிடம் இருந்தது அந்த ஒரே ஜாக். அடுத்த நான்கு சீட்டிலும் அந்த இனம் வரவில்லை. எதிர்ப்பக்கம் என்னை உரித்துத் தொங்கவிட்டது. புள்ளியைவிட, ஒரே இனத்தில் எத்தனை சீட்டு இருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். ஜாக்கும் அதே இனத்தில் வேறு இரண்டும் இருந்தால் 160 துணிந்து கேட்கலாம் என்பது என் எண்ணம். நான்கும் நான்கு இனமாக இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பதே நல்லது.

அதிகம் கேட்டவர் தாம் விரும்பிய இனத்திலிருந்து ஒரு சீட்டை எடுத்து, யாருக்கும் காட்டாமல் தம் முன்னால் கவிழ்த்து வைக்கிறார். அதுதான் துரும்பு. எதிர்ப்பக்கத்துக்கு மட்டுமல்ல, அவருடைய சோடிக்கும் அது எந்த இனம் என்று தெரியாது. பிறகு ஆளுக்கு மீதி நான்கு சீட்டும் வருகின்றன. எட்டையும் பார்த்த பின் மறுபடி கேட்க விரும்புபவர் 250 இலிருந்துதான் தொடங்க வேண்டும்; முழுக் கையையும் பார்த்துவிட்டுக் கேட்பவருக்கு அந்தப் பாரம் நியாயமானதே.

போட்டவரின் வலப்பக்கத்தவர் முதல் சீட்டை இறக்குகிறார். அவர் இறக்கிய இனம் கையில் இருப்பவர் அதையே போட்டாக வேண்டும். இல்லாதவர் வேறொரு சீட்டைப் போடலாம். ஆனால் துரும்பு மூடியிருக்கும் வரை அதைக் கவிழ்த்தே போட வேண்டும். மருமகளை மிகவும் குழப்பிய விதி இதுதான். கவிழ்க்காமல் போட்டால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும். எது துரும்பு என்று தெரிந்தவர் ஒருவரே. இனம் இல்லாதவர் போட்டது துரும்பால் வெட்டிய வெட்டா, வெறும் கழிவா என்பதைச் சொல்லக்கூடியவரும் அவர் ஒருவரே. எல்லாச் சீட்டும் திறந்து விழுந்தால், பிடியை யார் எடுத்தார் என்று சொல்லும்போதே ஒளித்து வைத்த இனமும் வெளிப்பட்டுவிடும். ஆகவே பிடி முடிந்ததும் கேட்டவர் கவிழ்ந்த சீட்டுகளைத் தாம் மட்டும் எடுத்துப் பார்க்கிறார். அவற்றில் துரும்பு இருந்தால் அதையும், தாம் கவிழ்த்து வைத்ததையும் திறந்து காட்ட வேண்டும். மிகப் பெரிய துரும்பு பிடியை எடுக்கும். இல்லாவிட்டால் மறுபடி கவிழ்த்துவிடுவார். இறக்கிய இனத்தில் பெரிய சீட்டுப் போட்டவருக்குப் பிடி போகும், துரும்பும் மூடியபடியே இருக்கும். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்ப்பதற்கென்றே மற்ற மூவரும் காத்திருப்பார்கள். என் அம்மாவின் முகத்தில் நாற்பது வருடமாக யாரும் எதையும் வாசித்ததில்லை.

அன்று நடந்த ஒரு பிடியைச் சொல்கிறேன். நான் போட்டேன், என் வலப்பக்கம் சித்தப்பா, அடுத்து அம்மா, அடுத்து மருமகள். அம்மாவும் நானும் ஒரு சோடி. அம்மாவின் முதல் நான்கு சீட்டு கலாவரை ஜாக், ஒன்பது, ஏழு, ஆடுதன் ஆசு, 61 புள்ளி. நான் சிறுவயதில் வைத்திருந்ததற்கும் இதற்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம், ஆனால் மூன்று கலாவரை. “அறுபது” என்றார். எங்கள் வீட்டில் நூற்றை விட்டுவிட்டு அப்படித்தான் கேட்பது வழக்கம். கலாவரை ஏழைக் கவிழ்த்து வைத்தார். இரண்டாம் தரம் கலாவரை எட்டும் வந்தது. சித்தப்பா உருவிதன் ஜாக்கை இறக்கினார். உருவிதன் இல்லாத அம்மா ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போட்டார். மருமகள், தன் சோடியின் ஜாக்கை மீற உருவிதனில் ஒன்றுமில்லை என்ற நம்பிக்கையில் ஒன்பதைப் போட்டாள். எனக்குத்தான் சங்கடம். அம்மா போட்டது வெட்டாக இருந்தால் என் பத்து எங்களுக்கு வரும், கழிவாக இருந்தால் எதிர்ப்பக்கம் போகும். துணிந்து பத்தைப் போட்டேன். அம்மா சீட்டைத் திருப்பினார்: கலாவரை எட்டு. ஒரு புள்ளிக்கும் பெறாத அந்த எட்டு, 30, 20, 10 என்று 60 புள்ளியை அள்ளிக்கொண்டு வந்தது. “அம்மம்மா, இது அநியாயம்!” என்றாள் மருமகள். அநியாயம் இல்லை, தனக்கு முன்னால் ஒரு சீட்டுக் கவிழ்ந்து கிடக்கையில் அவள் ஒன்பதை ஒளித்துக்கொண்டு ஏழைப் போட்டிருந்தால் 40 தான் போயிருக்கும்.

துரும்பு திறந்த பின் கவிழ்த்துப் போடும் தேவை இல்லை. நிலத்தில் இருந்த சீட்டு கேட்டவரின் கைக்குத் திரும்பும், பிடி எடுத்தவர் அடுத்ததை இறக்குவார். அம்மா உடனே கலாவரை ஜாக்கையும் ஒன்பதையும் இறக்கி, வெளியே இருந்த நான்கு துரும்பையும் இழுத்துவிட்டார். எட்டில் நான்கு தம்மிடம் என்றால் மீதி நான்கு எங்கே என்று எண்ணிக்கொண்டிருப்பதே இந்த ஆட்டத்தின் பாதி வேலை.

சில சிறு விதிகள் ஊருக்கு ஊர் மாறும். இருக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில், முதலில் கேட்க வேண்டியவரின் நான்கு சீட்டில் 15 புள்ளிகூட இல்லாவிட்டால் மறுபடி போடச் சொல்லலாம். கையில் இனம் இருக்க வேறு இனம் போட்டுப் பிடிபட்டவர் அந்த ஆட்டத்தையே இழப்பார். சோடிக்குக் குறிப்புக் காட்டுவது தவறு. சித்தப்பாவின் இருமலுக்கு மருந்து எடுத்துவிட்டு வரும்படி இரண்டு தரம் எச்சரித்திருக்கிறோம்.

வெற்றிக்குப் புளியங்கொட்டை வைத்துக்கொள்கிறோம், பக்கத்துக்குப் பதினொன்று. 160 முதல் 190 வரை கேட்டு வென்றால் எதிர்ப்பக்கத்திடமிருந்து ஒன்று வாங்கலாம், தோற்றால் இரண்டு கொடுக்க வேண்டும். 200 முதல் 240 வரை என்றால் இரண்டும் மூன்றும். அதற்கு மேல் மூன்றும் நான்கும். கொட்டை தீர்ந்த பக்கம் தோற்றது. எட்டுப் பிடியும் முடிந்ததும் இரு பக்கமும் தம் சீட்டுகளை எண்ண வேண்டும். ஒரு பக்கம் எண்ணினால் போதுமென்று விடாதீர்கள். இரண்டையும் கூட்டி 304 வராவிட்டால், யாரையும் சந்தேகிக்கும் முன் பாயைத் தூக்கிப் பாருங்கள். எங்களுக்கு அன்று 20 குறைந்தது. இஸ்கோப்பு ஒன்பது சித்தப்பாவின் தொடைக்குக் கீழே இருந்தது.