பிரித்தானியாவில் உறவினர் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டால் குடும்பம் செய்ய வேண்டியவை

தஞ்சம் கேட்டிருப்பதால் மாதந்தோறும் அல்லது வாரந்தோறும் ஹோம் ஒபிஸில் (பிரித்தானிய உள்துறை அமைச்சில்) கையொப்பம் வைக்கப் போகும் ஒருவர் அன்று மாலை வீடு திரும்பாமல் இருப்பதும், இரவு அறிமுகமில்லாத ஓர் எண்ணிலிருந்து “என்னைப் பிடித்துவிட்டார்கள்” என்று அழைப்பு வருவதும் லண்டனில் வாழும் எம்மவர்களில் பலர் அனுபவித்த ஒன்று. அந்த அழைப்பு இரண்டு நிமிடத்தில் துண்டிக்கப்படலாம். அதனால் அழுவதற்கும் ஆறுதல் சொல்வதற்கும் முன்பாக மூன்று விடயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்த முகாமில் இருக்கிறார், அவருடைய ஹோம் ஒபிஸ் கோப்பு எண் என்ன, கையில் என்னென்ன கடிதங்கள் கொடுக்கப்பட்டன. ஹீத்ரோ அருகே ஹார்மன்ட்ஸ்வேர்த், கோல்ன்புறூக் ஆகியவையும், கட்விக் அருகே புறூக் ஹவுஸ், டின்ஸ்லி ஹவுஸ் ஆகியவையும், பெட்ஃபட்ஷயரில் யார்ல்ஸ் வூட்டும் இருக்கின்றன. ஒருவரை ஒரு முகாமிலிருந்து இன்னொன்றுக்கு முன்னறிவிப்பின்றி மாற்றுவதும் உண்டு. கமெரா உள்ள கைத்தொலைபேசியை உள்ளே விடமாட்டார்கள். சாதாரணத் தொலைபேசி ஒன்றைக் கொடுப்பார்கள். தன் தொலைபேசியில் சேமித்து வைத்த எண்கள் அவருக்கு எட்டாமல் போய்விடும் என்பதால், சட்டத்தரணியின் எண்ணையும் வீட்டு எண்களையும் முதல் அழைப்பிலேயே சொல்லி எழுத வையுங்கள்.

பிரித்தானியச் சட்டத்தைப் பற்றி ஒன்றை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளைத் தவிர, குடிவரவுக் காரணத்துக்காக ஒரு வயதுவந்தவரை எத்தனை நாள் அடைத்து வைக்கலாம் என்பதற்கு அங்கே சட்டத்தில் உச்ச வரம்பு கிடையாது. குற்றவாளிக்குக்கூட விடுதலை நாள் தெரியும். தஞ்சம் கேட்டு வந்தவருக்குத் தெரியாது. புறூக் ஹவுஸில் கைதிகள் நடத்தப்பட்ட விதம் பற்றிய பொது விசாரணை 2023 செப்டெம்பரில் வெளியிட்ட அறிக்கையில், 28 நாள் வரம்பு விதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை சட்டமாகவில்லை. ஆகவே நாள் கடந்தால் தானாக வெளியே வந்துவிடுவார் என்று காத்திருக்கும் குடும்பம் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். அவரை வெளியே கொண்டுவரக்கூடியவை நீங்கள் திரட்டும் தாள்கள்தான்.

சட்ட உதவி

முகாமில் இருப்பவருக்கு, அவரிடம் பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரச செலவில் அரைமணி நேர இலவசச் சட்ட ஆலோசனை பெற உரிமை உண்டு. அதற்காக முகாமிலுள்ள நூலகத்திலோ நலன்புரிப் பிரிவிலோ பெயரைப் பதிய வேண்டும். வந்து சேர்ந்த அன்றே பதியச் சொல்லுங்கள், ஏனென்றால் வரிசை நீளமானது. அந்த அரைமணி நேரம் வீணாகாமல் இருக்க, எப்போது வந்தார், எப்போது தஞ்சம் கேட்டார், எந்தத் திகதியில் மறுக்கப்பட்டது, மேன்முறையீடு என்னவாயிற்று என்பதை ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதி வைத்துக்கொள்வது நல்லது. தஞ்சக் கோரிக்கையோ மேன்முறையீடோ இன்னும் நிலுவையில் இருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும், ஏனெனில் அது முடியும்வரை சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்ப முடியாது.

கோயிலிலோ கடையிலோ “எனக்கு ஹோம் ஒபிஸில் ஆளைத் தெரியும்” என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். அந்நாட்டில் குடிவரவு ஆலோசனை சொல்வதற்கு ஒருவர் சட்டத்தரணியாகவோ, முறைப்படி பதிவுபெற்ற ஆலோசகராகவோ இருக்க வேண்டும். பதிவில்லாமல் சொல்வது 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம் போனதுகூட ஆறும். ஆனால் அப்படிப்பட்டவர் எழுதிக் கொடுத்த ஒரு தவறான திகதி, பிறகு ஒவ்வொரு விசாரணையிலும் “முன்னுக்குப் பின் முரண்” என்று திரும்பத் திரும்ப வந்து நிற்கும். ‘பெயில் ஃபோர் இமிகிரேஷன் டிடெய்னீஸ்’ என்ற தொண்டு நிறுவனம் பிணை விண்ணப்பங்களுக்குக் கட்டணமின்றி உதவுகிறது. ஹீத்ரோ முகாம்களில் ‘டிடென்ஷன் அக்ஷன்’, கட்விக்கில் அங்குள்ளோரைப் பார்க்கப் போகும் தன்னார்வக் குழு ஆகியவையும் உண்டு. தன்னாட்டுக்குத் தானே திரும்பச் சம்மதம் என்று சொல்லும் எந்தத் தாளிலும் சட்டத்தரணியிடம் பேசாமல் கையொப்பம் வைக்க வேண்டாம் என்பதை அவரிடம் ஒவ்வொரு அழைப்பிலும் நினைவுபடுத்துங்கள்.

வதை பற்றிச் சொல்லுதல்

இந்த வழிகாட்டியில் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். முகாமுக்குள் வந்து 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை செய்யப்பட வேண்டும் என்று 2001ஆம் ஆண்டின் தடுப்பு முகாம் விதிகளில் 34ஆம் விதி சொல்கிறது. ஒருவர் வதைக்கப்பட்டிருக்கலாம் என்று மருத்துவருக்குத் தோன்றினால் அதை அறிக்கையாக எழுதி அனுப்ப வேண்டும் என்று 35ஆம் விதி சொல்கிறது. அந்த அறிக்கை போனால், தடுப்பைத் தொடர்வதா என்பதை ஹோம் ஒபிஸ் மீளாய்வு செய்து பதில் தர வேண்டும். அறிக்கை வந்தவுடன் கட்டாயம் விடுதலை என்று அர்த்தமில்லை. எனினும் பிணை நீதிபதியின் முன்னால் அதற்குள்ள கனம் வேறு எந்தக் கடிதத்துக்கும் இல்லை.

ஆனால் எம்மவர்கள் சொல்வதில்லை. நான் மொழிபெயர்ப்புக்கு உதவப் போன இடங்களில் கண்டது, இரவு நித்திரையில்லாமல் எழுந்து உட்கார்ந்திருக்கும் ஒருவர் மருத்துவத் தாதி “ஏதும் பிரச்சினை உண்டா?” என்று கேட்கும்போது “இல்லை” என்று தலையாட்டுவதைத்தான். இலங்கையில் தமக்கு நடந்ததை, அதிலும் பாலியல் ரீதியாக நடந்ததை, இன்னொரு தமிழர் மொழிபெயர்க்கக் கேட்கும்படி சொல்ல நா எழாது. ஆணோ பெண்ணோ தமக்கு ஏற்ற பாலினத்து மருத்துவரையும் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம் என்பதையும், மொழிபெயர்ப்பாளர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர் என்பதையும் சொல்லிப் புரிய வையுங்கள். விபரம் முழுவதையும் உங்களிடம் சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம். “35ஆம் விதியின்படி மருத்துவரைப் பார்க்க வேண்டும்” என்று எழுத்தில் கேட்டு, அதன் பிரதியை வைத்திருக்கச் சொன்னால் போதும். பிந்திச் சொல்லப்படும் வதை, கதை கட்டியதாகப் பார்க்கப்படும் ஆபத்து உண்டு.

தழும்புகளை நம்பாத காலமும் இருந்தது. இலங்கையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடப்பட்டதாகச் சொன்ன தமிழர் ஒருவரின் வழக்கில், அந்தக் காயங்களை அவரே ஆள் வைத்துப் போட்டுக்கொண்டிருக்கலாம் என்று கீழ் நீதிமன்றம் சொன்னது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கி, மருத்துவ அறிக்கையை முறையாக நோக்கி வழக்கை மீண்டும் விசாரிக்கும்படி அனுப்பியது. அப்படித் தானே காயம் செய்துகொள்வது மிகமிக அரிது என்றும் குறிப்பிட்டது. சட்டத்தரணிக்கு இந்த வழக்கு தெரிந்திருக்கும். வெளியிலிருந்து சுயாதீன மருத்துவர்களை முகாமுக்கு அனுப்பும் ‘மெடிக்கல் ஜஸ்டிஸ்’ அமைப்பை அணுகும்படி அவரிடம் கேளுங்கள். குடும்ப மருத்துவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தால், அந்தப் பதிவுகளை ஒப்புதல் கடிதத்துடன் இலவசமாகப் பெறலாம்.

பிணை விண்ணப்பம்

தடுத்து வைத்ததற்கான காரணங்கள் பட்டியலிடப்பட்ட படிவம் ஒன்றும், அதன்பின் மாதந்தோறும் ஒரு மீளாய்வுக் கடிதமும் அவருக்குக் கிடைக்க வேண்டும். இவற்றில் இருக்கும் காரணங்களுக்குத்தான் விண்ணப்பம் பதில் சொல்ல வேண்டும். “தலைமறைவாகிவிடுவார்” என்று எழுதியிருந்தால், இத்தனை ஆண்டுகளாகத் தவறாமல் கையொப்பம் வைத்த பதிவு அதற்குப் பதில். “விரைவில் அனுப்பப்படுவார்” என்றிருந்தால், கடவுச்சீட்டு இல்லாதவருக்குப் பயண ஆவணம் இன்னும் எடுக்கப்படவில்லை என்பது பதிலாகலாம். நியாயமான காலத்துக்குள் அனுப்ப முடியாதென்று தெரிந்தால் அடைத்து வைக்கக் கூடாது என்பது 1983இல் ஹர்தியால் சிங் வழக்கில் நிலைநாட்டப்பட்ட கொள்கை.

ஹோம் ஒபிஸிடமே பிணை கேட்கலாம். ஆனால் அடைத்தவரிடமே திறக்கச் சொல்வதைவிட, பி 1 படிவத்தை நிரப்பிக் குடிவரவுத் தீர்ப்பாயத்திடம் கேட்பதையே நான் பரிந்துரைப்பேன். அங்கே சுயாதீனமான நீதிபதி கேட்பார், மொழிபெயர்ப்பாளர் இலவசம். ஹோம் ஒபிஸ் தன் எதிர்ப்பை விசாரணைக்கு முந்திய வேலைநாள் பிற்பகல் இரண்டு மணிக்குள் எழுத்தில் தர வேண்டும். அன்றிரவே அதை வாசித்துக் காட்டி, பிழையான தகவல் ஏதும் உண்டா என்று கேளுங்கள்.

தங்குவதற்கு முகவரி இருப்பது பாதி வெற்றி. அரசாங்கம் தரும் இடத்துக்காகக் காத்திருப்போர் பிணை கிடைத்த பின்பும் உள்ளே கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். உறவினர் ஒருவர் தன் வீட்டில் இடம் தந்தால், வாடகை ஒப்பந்தம், வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம், கவுன்சில் வரிப் பத்திரம் மூன்றையும் இணையுங்கள். பணப் பிணை நிற்பவர் வசதியுள்ளவராக இருப்பதைவிட முகாமில் இருப்பவரை நன்றாக அறிந்தவராக இருப்பது நல்லது. நான் முதன்முதல் ஒருவருக்குப் பிணை நின்றபோது வங்கிக் கூற்றுகளைக் கட்டாகக் கொண்டு போனேன். நீதிபதி கேட்டதோ, அவரை வாரத்தில் எத்தனை நாள் சந்திக்கிறேன், கையொப்ப நாளை எப்படி நினைவூட்டுவேன் என்பதை. நான் தடுமாறினேன். அன்று பிணை மறுக்கப்பட்டது. இன்றும் அது எனக்கு வலிக்கிறது. அதனால் அந்தக் கேள்விகளுக்கு உண்மையான பதில்களை முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

மறுக்கப்பட்டால் காரணங்களை எழுத்தில் பெறுங்கள். நிலைமையில் முக்கியமான மாற்றம் இல்லாவிட்டால், அடுத்த 28 நாட்களுக்குள் போடும் விண்ணப்பம் விசாரிக்கப்படாது. அந்த நாட்களில் நீதிபதி குறை சொன்ன ஆவணத்தைத் திரட்டுங்கள். நான்கு மாதங்களாகத் தீர்ப்பாயம் பார்க்காத தடுப்பை, குற்றத்துக்காக நாடுகடத்தப்படுபவர்களுடையதைத் தவிர, ஹோம் ஒபிஸே தீர்ப்பாயத்தின் முன் வைக்க வேண்டும் என்ற விதியும் உண்டு.

பிணை கிடைத்தால், வாயிலில் தரும் தாளில் உள்ள நிபந்தனைகளை வீட்டுக்குப் போகும் வழியிலேயே தமிழில் சொல்லிக் கொடுங்கள். எந்த முகவரியில் தங்க வேண்டும், அடுத்த கையொப்பம் எந்த நாளில், எந்த இடத்தில், வேலை செய்ய அனுமதி இல்லையா என்பவற்றை அவர் வாயால் திருப்பிச் சொல்லும்வரை விடாதீர்கள். அடுத்த கையொப்ப நாளில் கூடவே போய், அவர் வெளியே வரும்வரை வாசலில் நில்லுங்கள்.