நிழல்வலைக் குடிலில் தக்காளி நாற்று: ஓர் ஏக்கருக்கான செய்முறை

வீரிய ஒட்டுரகத் தக்காளி விதை, எண்ணி ஊன்ற வேண்டிய விலைக்கு வந்துவிட்டது. அதை மேட்டுப்பாத்தியில் தூவிவிட்டு, முளைத்தவரை லாபம் என்று இருப்பது கட்டுப்படியாகாது. குழிக்கு ஒரு விதையாகக் குழித்தட்டில் ஊன்றி, நிழல்வலைக் குடிலில் 25 நாள் வளர்த்தெடுப்பதே இன்றைக்கு ஏற்ற வழி.

வரிசைக்கு வரிசை 90 செ.மீ., செடிக்குச் செடி 45 செ.மீ. இடைவெளியில் நடுவதானால், ஏக்கருக்குச் சுமார் 10,000 நாற்று தேவைப்படும். 98 குழிகள் கொண்ட தட்டில் 102 தட்டுகள். முளைக்காதவற்றையும் கழிவையும் கருதி 112 தட்டுகள் என்று வைத்துக்கொள்ளலாம். இவற்றைப் பரப்பி வைக்க 17 சதுர மீட்டர் போதும் என்பதால், நடைபாதையும் சேர்த்து 6 மீட்டருக்கு 6 மீட்டர் குடில் தாராளமாக இருக்கும். இரும்புக் குழாய்க்கு வசதி இல்லையென்றால் சவுக்குக் கம்பமே போதும்.

கட்டும்போது பலர் செய்யும் பிழை, நிழல்வலையைக் கூரையாக நிரந்தரமாக இழுத்துக் கட்டிவிடுவதுதான். பக்கங்களையும் கூரையையும் 40 அல்லது 50 மெஷ் (ஓர் அங்குல நீளத்துக்கு அத்தனை கண்கள்) பூச்சி புகா வலையால் மூடி, அதற்கு மேல் வெயிலில் பாதியை மறைக்கும் 50 சதவீத நிழல்வலையைக் கம்பியில் ஓடும் திரைபோல அமைத்தால், வேண்டியபோது விரிக்கவும் சுருட்டவும் முடியும். நம் ஊர் வெயிலுக்கு 75 சதவீத வலைதான் சரி என்று கடையில் சொன்னாலும் வாங்க வேண்டாம். குடிலுக்குள் நாற்று கெடுவது பெரும்பாலும் வெயிலால் அன்று, மிஞ்சிய நிழலாலும் மிஞ்சிய நீராலும்தான். வாசலுக்கு இரட்டைக் கதவு வைத்து, ஒன்றைச் சாத்திய பின்பே மற்றொன்றைத் திறக்க வேண்டும். இலைச்சுருள் நச்சுயிரியைச் சுமந்து வரும் வெள்ளை ஈ திறந்த கதவு வழியாகவே நுழைந்துவிடும்.

தட்டுகளை நிரப்ப, உப்பு நீக்கி, நன்கு மட்கச் செய்த தென்னை நார்க்கழிவு, தட்டுக்கு 1.2 கிலோ வீதம் சுமார் 135 கிலோ தேவைப்படும். இதனுடன் வேப்பம் பிண்ணாக்கு இரண்டேகால் கிலோ, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகிய நுண்ணுயிர் உரங்கள் தலா அரைக் கிலோ கலந்து, நீர் தெளித்துப் பிசற வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது; சொட்டினால் ஒரு மணி நேரம் ஆற விட்டுப் பிறகு நிரப்பலாம்.

விதையை அரை செ.மீ. ஆழத்தில் ஊன்றி, மேலே நார்க்கழிவைத் தூவி மூடிய தட்டுகளைப் பத்துப் பத்தாக அடுக்கி, பாலித்தீன் தாளால் போர்த்த வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து காலையும் மாலையும் திறந்து பார்த்து, ஒரு தட்டில் நான்கைந்து முளைகள் தலைகாட்டிய உடனே அடுக்கைப் பிரித்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் முளைகள் இருட்டில் நூல்போல நீண்டு சாய்ந்துவிடும். அவை பிறகு தேறுவது அரிது. பிரித்த தட்டுகளைத் தரையில் படிய வைக்காமல் செங்கல் வரிசை மீது வைத்தால், அடித்துளை வழியே வரும் வேர்நுனி காற்றுப்பட்டு நின்றுவிடும், குழிக்குள் பக்கவேர்கள் அடர்ந்து பின்னிக்கொள்ளும்.

நீரைப் பூவாளியால் காலையில் மட்டும் ஊற்றுவது நல்லது. மாலையில் ஊற்றினால் இரவு முழுவதும் ஈரம் தங்கி, நாற்றழுகல் வந்து சேரும். தண்டு நார்க்கழிவைத் தொடும் இடத்தில் நீர் கோத்து, சுருங்கி, நாற்று அப்படியே மடங்கி விழுவது இதன் அடையாளம். மேல்பரப்பு காய்ந்திருப்பதை மட்டும் பார்த்து நீர் விடாமல், தட்டைத் தூக்கி எடையைப் பார்க்கப் பழக வேண்டும். ஓரக் குழிகள் நடுக்குழிகளுக்கு முன்பே காய்வதால், அவற்றுக்கு மட்டும் இன்னொரு சுற்று தேவைப்படலாம். நிழல்வலை மழையைத் தடுக்காது என்பதால், ஐப்பசி, கார்த்திகையில் வளைவுக் கம்பி நட்டு அதன் மேல் பாலித்தீன் தாள் போர்த்தவும், மந்தாரமான நாட்களில் நிழல்வலையைச் சுருட்டி வைக்கவும் வேண்டும். 18ஆம் நாள், தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து ஊற்றினால் போதும்.

கடைசி ஒரு வாரம் நாற்றைக் கடினப்படுத்த வேண்டும். முதலில் காலை வெயிலுக்கும், பிறகு முழு நாளும் நிழல்வலையை விலக்கி, நீரையும் குறைக்கலாம்; பூச்சி புகா வலையை மட்டும் நடும் நாள் வரை விலக்கக் கூடாது. நாற்றின் அடித்தண்டைப் பிடித்து, குழியின் அடியை விரலால் தள்ளும்போது நார்க்கழிவு உதிராமல் வெள்ளை வேர்களோடு முழுக்கட்டியாக வந்தால் நடவுக்குத் தயார். உதிர்ந்தால் இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுக்கலாம். நடவை மாலையில் வைத்துக்கொண்டு, காலியான தட்டுகளைக் கழுவி, நிழலில் உலர்த்தி அடுக்க வேண்டும். வெயிலில் போட்டு வைத்த தட்டு விரைவிலேயே நொறுங்கும்.