அமெரிக்க ராணுவ முகாமில் வேலை பார்க்கும்போது அடிபட்டால் இழப்பீடு கேட்பது எப்படி?

குவைத்தில் கேம்ப் ஆரிஃப்ஜான், கத்தாரில் அல் உதைத், ஜிபூட்டியில் கேம்ப் லெமோனியர். இந்த மாதிரி முகாம்களில் சமைப்பது, துணி துவைப்பது, லாரி ஓட்டுவது, ஏசி பழுதுபார்ப்பது போன்ற வேலைகளைப் பெரும்பாலும் ஒப்பந்தக் கம்பெனிகள் அழைத்துவந்த சிவிலியன் ஆட்களே செய்கிறார்கள். இந்தியா, இலங்கை, நேபாளம், பிலிப்பைன்ஸ் என்று எல்லா ஊர்க்காரர்களும் அதில் உண்டு. இவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: வேலையில் அடிபட்டால் அமெரிக்கச் சட்டப்படி சிகிச்சைச் செலவும் சம்பள இழப்பீடும் கேட்கலாம்.

அந்தச் சட்டத்தின் பெயர் டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட், சுருக்கமாக டிபிஏ. 1941இல் வந்தது. துறைமுகத் தொழிலாளர்களுக்காக 1927இல் போட்ட லாங்ஷோர் சட்டத்தையே வெளிநாட்டு முகாம்களுக்கும் நீட்டினார்கள். அதனால்தான் படிவங்களில் எல்லாம் 'லாங்ஷோர்' என்று இருக்கும். வேறு ஏதோ படிவம் என்று நினைத்து மூடிவிடாதீர்கள்.

படி 1: சட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது முக்கியமில்லை. சம்பளம் கொடுப்பது துபாய் கம்பெனியா, மேன்பவர் ஏஜென்சியா என்பதும் முக்கியமில்லை. நீங்கள் செய்த வேலை அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தின் கீழ் வருகிறதா என்பதுதான் கேள்வி. துணை ஒப்பந்தம், அதற்கும் கீழே இன்னொரு துணை ஒப்பந்தம் என்று எத்தனை அடுக்கு இருந்தாலும் சரி. இந்த இழப்பீட்டுக்காகக் கம்பெனி இன்சூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும்; கீழே உள்ள கம்பெனி அதை எடுக்காவிட்டால் பொறுப்பு மேலே உள்ள ஒப்பந்தக்காரர் தலையில் விழும்.

இதற்கு நல்ல உதாரணம் நேபாளத்துக்காரர்கள் 12 பேருடைய வழக்கு. 2004இல் ஈராக்கில் உள்ள அமெரிக்க முகாம் வேலைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவர்கள் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜோர்டானில் ஹோட்டல் வேலை என்று நம்பித்தான் பலர் ஊரைவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். முகாமில் ஒரு நாள்கூட வேலை செய்யவில்லை. அப்படியும் அந்தக் குடும்பங்கள் இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டு, 2008இல் இழப்பீட்டு உத்தரவு வாங்கின.

ஒரு விலக்கும் உண்டு. சில நாடுகளில், உள்ளூர்ச் சட்டமே இழப்பீடு தரும் என்றால், அமெரிக்கர் அல்லாத ஊழியர்களுக்கு டிபிஏ வேண்டாம் என்று அமெரிக்கத் தொழிலாளர் துறை விலக்கு தரலாம். கம்பெனி 'உங்களுக்கு டிபிஏ கிடையாது' என்று சொன்னால், அந்த விலக்கு ஆவணத்தைக் காட்டச் சொல்லுங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

'போரில் அடிபட்டால் இன்சூரன்ஸ் வராது' என்றும் சிலர் கதை விடுவார்கள். ராக்கெட் விழுந்தாலும் குண்டு வெடித்தாலும் டிபிஏ பொருந்தும். அப்படிக் கொடுத்த பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனி அமெரிக்க அரசிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள 1942இலேயே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள்.

டியூட்டி நேரத்தில் நடக்கவில்லையே என்ற கவலையா? 1951இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கைப் பாருங்கள். குவாம் தீவில் ஒப்பந்த ஊழியர் ஒருவர், வேலை முடிந்து ஓய்வு மையத்தில் இருந்தபோது, நீரோட்டத்துக்கு அப்பால் பாறைத் திட்டில் நின்று உதவி கேட்ட இருவரைக் காப்பாற்ற நீந்திப்போய் மூழ்கி இறந்தார். அங்கே நீந்தத் தடை இருந்தது. ஆனாலும் வேலைதான் அவரை அந்த ஆபத்தான இடத்தில் கொண்டுபோய் வைத்தது என்று இழப்பீடு சரியென நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை இன்றும் எடுத்துக்காட்டி வாதாடுகிறார்கள். குடிபோதை மட்டுமே காரணம், அல்லது வேண்டுமென்றே தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தப் போய் வந்தது என்றால் மட்டும் கிடைக்காது.

படி 2: 30 நாளுக்குள் எழுத்தில் சொல்லுங்கள்

சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராமல் போகலாம். இதற்கு எல்எஸ்-201 என்ற படிவம் இருக்கிறது. அது கைக்குக் கிடைக்கவில்லையா, ஈமெயில் போடுங்கள். வாட்ஸ்அப் செய்திகூட ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை. எளிய ஆங்கிலத்தில், இந்த அளவுக்கு விவரம் இருக்கட்டும்:

"நான் முகாம் டைனிங் ஹாலில் சமையல் உதவியாளர். மார்ச் 4 காலை 5.30 மணிக்கு ஃப்ரீசரிலிருந்து கோழிப் பெட்டியைத் தூக்கி வரும்போது தரையில் இருந்த பனியில் வழுக்கி இடது பக்கமாக விழுந்தேன். இடுப்பிலும் இடது முழங்காலிலும் அடி. உடன் வேலை செய்த இருவர் பார்த்தார்கள். அன்றே முகாம் கிளினிக்கில் காட்டினேன்."

'இடுப்பு வலி' என்று ஒரு வரியில் முடித்தால், அது ஊரிலிருந்தே இருந்த வலி என்று பிறகு சொல்ல வாய்ப்புக் கொடுத்ததாகிவிடும். தேதி, நேரம், எப்படி, எங்கே அடி, யார் பார்த்தார்கள் எல்லாம் வேண்டும். அடிபட்ட ஒவ்வொரு உறுப்பையும் எழுதுங்கள், சின்ன வலியானாலும்.

விபத்தால் வேலைக்கு வர முடியாமல் போனால், கம்பெனியும் 10 நாளுக்குள் எல்எஸ்-202 என்ற படிவத்தில் தொழிலாளர் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

படி 3: முகாமைவிட்டுக் கிளம்பும் முன் காகிதங்களைச் சேருங்கள்

என்னைக் கேட்டால், பாதி வழக்கு இங்கேதான் ஜெயிக்கிறது அல்லது தோற்கிறது. ஊருக்கு அனுப்பிவிட்டால் பேட்ஜைப் பிடுங்கிக்கொள்வார்கள், கம்பெனி ஈமெயிலும் போய்விடும். ஆகவே வேலை ஒப்பந்தம், பேட்ஜ், பே ஸ்லிப், ஓவர்டைம் ஷீட், கிளினிக் சீட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்துச் சொந்த ஈமெயிலுக்கு அனுப்பிவையுங்கள். முகாமுக்குள் போட்டோ எடுக்கத் தடை இருக்கும். தங்கும் அறையில் வைத்துக் காகிதத்தை மட்டும் எடுங்கள். கூட வேலை செய்தவர்களின் ஊர் போன் நம்பரும் வேண்டும்.

போகும்போது 'இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று கையெழுத்துக் கேட்டால்? அப்படி உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் இந்தச் சட்டத்தில் செல்லாது. இன்சூரன்ஸ் பிரீமியம் என்று உங்கள் சம்பளத்தில் பிடித்தாலும் அது சட்டவிரோதம். தெரியாமல் கையெழுத்துப் போட்டிருந்தாலும் தொடர்ந்து படியுங்கள், கதை முடியவில்லை.

படி 4: மருத்துவர்

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. ஊர் திரும்பிய பின் மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ நீங்கள் நம்பும் மருத்துவரிடம் காட்டலாம். ஒருமுறை தேர்ந்தெடுத்தபின் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, அதனால் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி தன் சார்பில் ஒரு மருத்துவரிடம் பரிசோதனைக்கு அனுப்பினால் போக வேண்டும்.

மருத்துவர் சீட்டில் மருந்துப் பெயர் மட்டும் இருந்தால் பயனில்லை. என்ன காயம், அது வேலையில் நடந்த விபத்தால் வந்ததா, எத்தனை கிலோ தூக்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். மனநலப் பாதிப்பும் இதில் அடங்கும். குண்டுவெடிப்புக்குப் பிறகு தூக்கம் வரவில்லை, சத்தம் கேட்டால் நடுங்குகிறது என்றால் வெட்கப்படாமல் மனநல மருத்துவரிடம் போய்ப் பதிவு செய்யுங்கள்.

படி 5: எல்எஸ்-203 படிவத்தை நீங்களே போடுங்கள்

இதுதான் உண்மையான கோரிக்கை மனு. அமெரிக்கத் தொழிலாளர் துறை இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். நிரப்பி, அந்தத் துறையின் சீபோர்ட்டல் என்ற இணையவழிப் பக்கத்தில் ஏற்றலாம். 'கம்பெனி பார்த்துக்கொள்ளும்' என்று விடாதீர்கள். கம்பெனிக்குச் சொல்வதும் துறையில் கோரிக்கை பதிவதும் வேறு வேறு.

கெடு, அடிபட்டதிலிருந்து ஓர் ஆண்டு. இழப்பீடு கொஞ்சம் கொடுத்து நிறுத்தியிருந்தால், கடைசியாகப் பணம் வந்த நாளிலிருந்து ஓர் ஆண்டு. மெதுவாக வரும் தொழில்நோய்களுக்கு, வேலையால் வந்தது என்று தெரிந்ததிலிருந்து 2 ஆண்டு. கம்பெனி எல்எஸ்-202 போடவே இல்லை என்றால் கெடு ஓடாது என்று சட்டம் சொல்கிறது. கெடு தாண்டிப்போனவர்களுக்கு அது ஒரு வழி. மற்றவர்கள் அதை நம்பி உட்கார வேண்டாம்.

படி 6: எவ்வளவு வரும்?

வேலையே செய்ய முடியாத காலத்துக்கு, சராசரி வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. முதல் 3 நாளுக்குக் கிடையாது. 14 நாளுக்கு மேல் நீண்டால் அந்த 3 நாளும் சேரும். சில உறுப்புகளுக்கு வாரக் கணக்கு நிர்ணயம் உண்டு: கை முழுதும் போனால் 312 வாரம், கால் 288, மணிக்கட்டுக்குக் கீழே 244, கண் 160.

சம்பளக் கணக்கில்தான் பெரும்பாலும் ஏமாற்றம். ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் 400 டாலர். ஓவர்டைமும் சேர்த்து வருஷத்தில் 10,400 டாலர் கைக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தை 52ஆல் வகுத்தால் வாரம் 200. மூன்றில் இரண்டு பங்கு 133.33. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எடுத்தால் வாரத்துக்கு 61.54தான். மணிக்கட்டோடு கை போனவருக்கு முதல் கணக்கில் சுமார் 32,500 டாலர், இரண்டாவதில் 15,000. ஓவர்டைம் ஷீட்டை எடுத்துவைக்கச் சொன்னது இதற்குத்தான். குறைந்தபட்சத் தொகை என்று டிபிஏவில் ஒன்றும் இல்லாததால், குறைந்த சம்பளக்காரருக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம்.

இறந்துபோனால்

குடும்பத்தார் போட வேண்டியது எல்எஸ்-262. மனைவிக்கு வாரச் சம்பளத்தில் பாதி, குழந்தைகளும் இருந்தால் மொத்தம் மூன்றில் இரண்டு பங்கு வரை. ஈமச்செலவுக்கு 3,000 டாலர் வரை.

நம்மூர்க்காரர்கள் குழம்பும் இடம் இது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் மனைவி, பிள்ளைகளோடு அம்மா பெயரும் இருக்கலாம். டிபிஏவில் வெளிநாட்டில் இருக்கும் குடும்பத்துக்கு விதி வேறு: மனைவி அல்லது பிள்ளை இருந்தால் பெற்றோருக்குக் கிடையாது. அவர்கள் யாரும் இல்லாதபோது, இறந்தவர் முந்தைய ஓர் ஆண்டாகப் பணம் அனுப்பி ஆதரித்த தாய் தந்தைக்குத்தான் வரும். அண்ணன் தம்பிகளுக்கு இல்லை. திருமணச் சான்று, பிறப்புச் சான்று, வங்கிக்குப் பணம் வந்த பதிவு ஆகியவற்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு வையுங்கள். வெளிநாட்டவருக்கு வாரா வாரம் தராமல், எதிர்காலத் தொகையின் மதிப்பில் பாதியை மொத்தமாகக் கொடுத்து முடிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. அநியாயம்தான், ஆனால் இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

படி 7: மறுத்தால்

மறுப்பு எல்எஸ்-207 என்ற படிவத்தில் வரும். அது தீர்ப்பு இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியின் கருத்து, அவ்வளவுதான். தொழிலாளர் துறையில் போன் வழியாகச் சமரசப் பேச்சு, அப்புறம் நிர்வாக நீதிபதி, அதற்கு மேல் முறையீட்டு வாரியம், கடைசியில் கூட்டாட்சி நீதிமன்றம் என்று போகும்.

இந்தக் கட்டத்தில் வக்கீல் வேண்டும். மறுத்த கோரிக்கையில் நீங்கள் ஜெயித்தால் பொதுவாக வக்கீல் கட்டணத்தை எதிர்த்தரப்பே கட்ட வேண்டும். தொழிலாளர் துறையோ நீதிபதியோ அங்கீகரிக்காத கட்டணத்தை உங்களிடம் வாங்குவது குற்றம். ஆகவே 'வந்த பணத்தில் 30 சதவீதம் கொடு' என்று வரும் ஏஜென்ட்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

படி 8: மொத்தத் தொகைக்கு ஒத்துக்கொள்ளும் முன்

இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு கட்டத்தில் ஒரே தொகையில் முடித்துக்கொள்ளலாம் என்று கேட்கும். தொழிலாளர் துறையோ நீதிபதியோ அங்கீகரித்தால்தான் அது செல்லும். ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். அதில் எதிர்கால மருத்துவச் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். சேர்ந்திருந்தால், 5 வருஷம் கழித்து முழங்காலுக்கு ஆபரேஷன் என்றாலும் பணம் உங்கள் பையிலிருந்துதான் போகும். அந்தச் செலவு எவ்வளவு ஆகும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு தொகையைப் பற்றிப் பேசுங்கள்.